மண்வெட்டி அவர்கள் கையில், ஒலிவாங்கி நம் கையில்

ஆசிரியருக்கு,

புதிதாய்க் குடியேறியவர்களை ஊரோடு சேர்க்கிறோம் என்று மட்டக்களப்பில் சிரமதானங்களும் கலைவிழாக்களும் நடக்கின்றன. நல்ல காரியந்தான். ஆனால் சிரமதானத்தன்று மண்வெட்டியைப் பிடிப்பவர் விழாவன்று கடைசி வரிசைக் கதிரையில் இருக்கிறார். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களை இன்னும் 'அந்தப் பக்கத்து ஆக்கள்' என்றே சொல்லும் ஊர்கள் உண்டு. சுனாமிக்குப் பின் கடற்கரையை விட்டு மாறிய குடும்பங்களுக்கும் புது இடத்தில் இதே பாடு. இதில் ஈடுபடும் கழகங்களுக்காகச் சில நடைமுறை விடயங்களை எழுதுகிறோம்.

முதலில் மரண உதவிச் சங்கம். கலைவிழாக்காரர் யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. சாவு வீட்டுக்குக் கொட்டகை, கதிரை, பெரிய பானை சட்டி எல்லாம் சங்கத்திலிருந்து வரும். சங்கத்தில் இல்லாத வீட்டார் அத்தனையையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். சேரப் போனால், சில சங்கங்கள் தொடங்கிய நாளிலிருந்துள்ள சந்தாவை மொத்தமாகக் கேட்கின்றன. நாட்கூலிக்குப் போகிறவரால் அது கட்ட ஒண்ணாது. அனுமதிப் பணத்தை ஆறு மாதத் தவணையாக்குங்கள். முதல் மூன்று மாதம் கொட்டகையும் கதிரையும் உண்டு, பண உதவி இல்லை என்று விதி எழுதினால் சங்கத்துக்கும் நட்டமில்லை.

கோயில் சிக்கலான இடம். நம் பக்கத்துப் பல கோயில்களில் திருவிழா உரிமை தாய்வழியாக வரும் குலப்பிரிவுகளான குடிகளுக்கு உரியது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் குடியிலிருந்தே வருவார். அதை ஒரே கூட்டத்தில் மாற்றப் போனால் ஊர் இரண்டாகும். அதைத் தொடாமலே வழி உண்டு. வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மனுக்கு நேர்ச்சைப் பொங்கல் வைக்க யாரும் குடி கேட்பதில்லை. புதியவர்களின் பானைகள் ஓர் ஓரத்தில் தனி வரிசையாக ஒதுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்னதானத்துக்குத் தேங்காய் துருவவும் சட்டி கழுவவும் கூப்பிடுகிறவர்கள், அவர்களைப் பரிமாறவும் விட வேண்டும்.

எல்லாவற்றிலும் நல்ல வழி கூத்து. மேடை நடனத்துக்கு மூன்று ஒத்திகை போதும். நம் கூத்தின் இரு வகைகளான வடமோடியோ தென்மோடியோ, சட்டங்கொடுத்து (அவரவர் வேடத்துப் பாட்டை எழுதிக் கையில் கொடுத்து) அரங்கேற மாதக்கணக்காகும். அத்தனை நாளும் ஒன்றாக ஆடிப் பாடுகிறவர்கள் பெயர் தெரியாதவர்களாக இருக்க முடியாது. ஆனால் புதியவரை முதல் நாளே ஆட விடாதீர்கள். முதல் மாதம் ஆடுபவருக்குப் பின்னால் கூட்டமாகப் பாடும் பிற்பாட்டில் நிற்கட்டும். கூட்டமாகப் பாடும்போது உச்சரிப்பு வித்தியாசம் தனியாகக் கேட்காது, தாளக்கட்டும் காதில் ஏறிவிடும். அடுத்து தூதன், சேவகன், தோழிப்பெண் போலப் பாட்டுக் குறைந்த வேடம். பகிடி வேடத்தை மட்டும் தொடக்கத்தில் கொடுக்க வேண்டாம்: சனம் சிரிப்பது வேடத்துக்கா, தன் பேச்சுக்கா என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. 'மறுகா' (பிறகு), 'இஞ்ச' (இங்கே) என்று நாம் பேசுவதும் அவர்களுக்குப் புதிதுதான்.

இடையில் நின்றுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் காசு. உடுப்புச் செலவை ஆட்டக்காரர் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது வழக்கம். ஒரு பிள்ளை மூன்றாம் கிழமை வராமல் விட்டால் 'ஆர்வமில்லை' என்று குறிக்குமுன், காசு கேட்ட நாள் எது என்று பாருங்கள். உடுப்புச் செலவைப் பொதுவில் சேர்த்த பணத்திலிருந்து கொடுப்பதே நல்லது. இன்னொரு காரணம் நேரம். பெரும்போக நெல் வெட்டு நடக்கும்போது கூத்துப் பழக்கம் வைத்தால் வயலுக்குப் போகிறவர் வரமாட்டார், வெட்டு முடியட்டும். பெண்பிள்ளைகள் வர வேண்டுமானால் இரவு 9 மணிக்குப் பழக்கம் முடியும் என்று முன்பே சொல்லி, அந்த நேரத்துக்கே முடிக்க வேண்டும்.

நம் கூத்தை அவர்கள் பழகினால், அவர்கள் கூத்தை நாம் போய்ப் பார்க்க வேண்டாமா? மலையகத்தாருக்கு மாசியில் காமன் கூத்து இருக்கிறது. காமன் ஊன்றுவதிலிருந்து எரிப்பது வரை பல நாள் நடக்கும் சடங்கு அது. கலைவிழாவில் அதைப் பத்து நிமிட 'மலையக நிகழ்ச்சி'யாக வெட்டினால் தப்பு என்னும் பறையின் சத்தம் மட்டுமே மிஞ்சும். அவர்கள் குடியிருப்பிலேயே நடக்கட்டும், ஊரவர் போகட்டும்.

அந்தத் தப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கே பறைமேளத்தோடு சாதி எப்படி ஒட்டிக்கிடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதிதிகளை அழைத்துவரும் ஊர்வலத்தில் தப்படிக்க மட்டும் அவர்களைக் கூப்பிட்டால், கலையின் பெயரில் அந்தச் சாதிப் பார்வையை அவர்கள் தோளிலும் மாட்டுகிறோம். ஊர்ப் பிள்ளைகளும் தப்புப் பழகட்டும். பழக்கியவரைக் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்குப் பக்கத்தில் இருத்தி, அவருக்குப் போர்த்தும் பொன்னாடையை இவருக்கும் போர்த்துங்கள்.

டெங்கு ஒழிக்கும் சிரமதானத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள்தான் ஆகும். மாதம் ஒருமுறை பெரிதாகக் கூடிப் படம் எடுப்பதால் அது ஒழியாது. கிழமைக்கு அரை மணி நேரம் வேண்டும். ஐந்து வீட்டுக்கு ஒரு குழு, அதில் மூன்று பழைய வீடு, இரண்டு புதிய வீடு. ஒழுங்கை வாரியாகப் பிரித்தால் குடியேற்ற ஒழுங்கை தனிக் குழுவாகிவிடும், பிறகு அங்கே மட்டும் 'சோதனை' நடக்கும். பொறுப்பாளர் மாதம் மாதம் மாற வேண்டும், புதிய வீட்டாரும் பழைய வீட்டு முற்றத்தைப் பார்க்க வேண்டும். குழுக்களை ஐப்பசி மழைக்கு முன், புரட்டாதியிலேயே பிரித்துவிடுங்கள். வெள்ளம் ஏறிய பிறகு எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தேட நேரமிராது.

இப்படிக்கு,
கிராமியக் கலை, சமூகப் பணிகளில் ஈடுபட்டுள்ள சிலர்,
செங்கலடி.