அரை மில்லிமீட்டர்

அன்புள்ள செல்வராஜ்,

நலம். உன் கடிதம் கிடைத்தது. பரிணாமத்தைக் கண்ணால் பார்த்தவர் யாராவது உண்டா என்று யாழினி உன்னை மடக்கினாளாமே! நம் விலங்கியல் சார் "லட்சம் வருஷம், தம்பி" என்று சொல்லி மணியடிக்கக் காத்திருப்பாரே, அதே பதிலை நீயும் சொல்லிவிடாதே. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதியர் 1973 முதல் நாற்பது ஆண்டுகள், தென் அமெரிக்காவுக்கு மேற்கே பசிபிக் கடலில் இருக்கும் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டாஃப்னி மேஜர் என்ற சிறு எரிமலைத் தீவுக்குப் போய், அங்குள்ள ஃபிஞ்ச் குருவிகளின் கால்களில் வண்ண வளையம் மாட்டி, அலகை அளந்து, எது எதனோடு இணைந்தது, எந்தக் குஞ்சு பிழைத்தது என்று குறித்துவைத்தார்கள். 1977இன் மழைக்காலத்தில் 24 மி.மீ. மழைதான் பெய்தது. சிறு விதைகள் தீர்ந்தபின் மிஞ்சியவற்றில் முக்கியமானது நெருஞ்சி. நாம் மைதானத்தில் உள்ளங்காலிலிருந்து பிடுங்கிய நெருஞ்சிக்கு நெருங்கிய உறவு அது. அந்த முள்காயின் மூலையைக் கவ்வித் திருகி உடைத்தால்தான் உள்ளிருக்கும் விதை கிடைக்கும். அலகின் கனத்தில், அதாவது மேலிருந்து கீழாக உள்ள தடிமனில், அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் சில குருவிகளால் அதை உடைக்க முடியாது. அவர்கள் கவனித்த நடுத்தர நிலஃபிஞ்ச் என்ற இனத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு மடிந்தன. பிழைத்தவற்றில் பெரிய அலகுடையவையே அதிகம். அவற்றுக்குப் பிறந்த குஞ்சுகளின் அலகு, பஞ்சத்துக்கு முந்தைய தலைமுறையின் அலகைவிடச் சுமார் 4 விழுக்காடு கனமாக இருந்தது.

இதோடு கதை முடிந்திருந்தால், பெரிய அலகே மேலானது என்று நாம் தீர்ப்பெழுதியிருப்போம். 1983இல், பசிபிக் கடல் சூடேறுவதால் வரும் எல் நினோ கொட்டித்தீர்த்த மழையில் கொடிகள் படர்ந்து நெருஞ்சியை மூட, சிறு விதைகள் தீவெங்கும் பெருகின. அடுத்து வந்த வறட்சியில் பெரிய குருவிகளே அதிகம் இறந்தன. 2004இலோ நெருஞ்சியை, பின்னர் வந்து குடியேறிய பெரிய நிலஃபிஞ்ச் என்ற வேறோர் இனம் தின்றுதீர்த்ததால், நடுத்தர நிலஃபிஞ்சுகளை முன்பு காப்பாற்றிய அதே கனத்த அலகு இம்முறை பாரமாயிற்று. தகுதி என்பதை உயிருக்குள் மட்டும் தேடக் கூடாது, அந்த ஆண்டின் மழையிலும் பக்கத்து வீட்டுக்காரனிடத்திலும் தேட வேண்டும் என்பது எனக்கு இதில்தான் உறைத்தது. யாழினிக்கு நீ அவசியம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

இப்போது என்னை வாட்டுவது வேறொன்று. மனிதரோடு வந்துசேர்ந்த ஓர் ஒட்டுண்ணி ஈ கலாபகோஸ் கூடுகளில் முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் இரவில் குஞ்சுகளின் இரத்தத்தைக் குடிக்கின்றன. அங்குள்ள இசபெலா தீவின் சதுப்புநில ஃபிஞ்சுகள் நூறு அளவில்தான் எஞ்சியுள்ளன. இத்தனை குறைந்த கூட்டத்தில் தப்பிப்பிழைத்த சிலவற்றைக் கொண்டு இனம் மீண்டும் தழைக்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. பூச்சிமருந்து தோய்த்த பஞ்சை வைத்தால், குருவிகள் தாமே கொத்திக்கொண்டுபோய்க் கூட்டில் செருகுகின்றன, புழுக்களும் குறைகின்றன என்பது சோதனையில் தெரிந்திருக்கிறது. எல்லாக் கூடுகளுக்கும் அது எட்டுமா என்பதுதான் என் கவலை.

அம்மாவின் முழங்கால் இப்போது தேவலை. பொங்கலுக்கு வருவதை விரைவில் உறுதி செய்.

அன்புடன்,
முருகேசன்