வாசலில் பத்தடி விடுங்கள்

எங்கள் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

கேட்டிலிருந்து படிக்கட்டு வரை உள்ள சிமெண்டுத் தரைக்கு டைல்ஸ் போடப் போவதாக அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். கேட்டை ஒட்டிய பத்தடியை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

வழவழப்பான டைல்ஸில் கோலமாவு நிற்காது. மாடி நடைகளில் அப்படி ஆகித்தான் வீட்டுக்கு வீடு கோல ஸ்டிக்கர் ஒட்டிவிட்டோம். மாவு பிடிக்கிற தரை நமக்கு இது ஒன்றுதான் மிச்சம்.

போன மார்கழியில் அம்மா ஊரிலிருந்து வந்தபோது தன் கோல நோட்டைக் கொண்டுவந்தார். கல்யாணத்துக்கு முன் பாட்டியிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. ஒரு பக்கத்தில் படமே இல்லை. '15 புள்ளி, 8 வரை, இடுக்கு' என்று மட்டும் இருந்தது. நடுவரிசையில் 15 புள்ளி, அடுத்தடுத்த வரிசைகளில் இடைவெளிக்கு நேராக வைத்து 8 வரை குறைக்க வேண்டும் என்று அர்த்தம். சாணம் தெளித்த மண்வாசலில் பாட்டி போட்ட சிக்குக் கோலம் அது. அந்த வீட்டை விற்றுப் பல வருடமாகிறது. அம்மா புள்ளி வைத்தார், நான் கம்பி இழுத்தேன், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எங்கே தப்புகிறது என்று பார்த்துச் சொன்னாள். அந்தக் கோலத்துக்கு ஒரே இழைதான். எல்லாப் புள்ளியையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். இரண்டு நாள் சேரவில்லை. மூன்றாம் நாள் அம்மா சட்டென்று, "இங்கதான் பாட்டி கையைத் திருப்புவாங்க" என்றார். கம்பி சேர்ந்துவிட்டது.

1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் இத்தகைய கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளால், அதாவது ஒரு வடிவத்தைப் படிப்படியாக எப்படி வளர்ப்பது என்று சொல்லும் விதிகளால், விளக்கினார்கள். அதைச் சொன்னதிலிருந்து மகள் நோட்டின் மற்றப் பக்கங்களையும் போட்டுப் பார்க்கிறாள்.

கோலமாவு வழுக்கும் என்கிறீர்கள். மழையில் டைல்ஸ்தான் அதிகம் வழுக்கும். எறும்பு வரும் என்பது சரி. அரிசி மாவில் போடுவதே அதற்கும் சேர்த்துத்தானே? ஒன்பது மணிக்குள் நாங்களே பெருக்கிவிடுகிறோம்.

இது எங்கள் வீட்டுக்காக மட்டும் கேட்பதும் இல்லை. மார்கழியில் வீட்டுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். மேல்தளத்துத் தெலுங்குக் குடும்பம் 'முக்கு' என்கிற தங்கள் கோலத்தைப் போடட்டும். ஓணத்துக்கு அதே இடத்தில் பூக்களம் வரட்டும். அப்பாக்களும் பையன்களும் புள்ளி வைக்கலாம், தடையில்லை.

ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க ஆள் வருகிறார் என்று கேள்விப்பட்டேன். அன்று காலை ஆறு மணிக்கு நானும் மகளும் அங்கே இருப்போம். அளவு நாடாவை விரிக்கும் முன் ஒருமுறை வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் தளத்தில் குடியிருப்பவள்