ஹெர்மிஸைப் பிறகு பார்ப்போம்

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன்ர கடிதம் வந்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. வாசித்த கையோடு எழுதியிருப்பேன், கடைசி வரியில் நீ கேட்டு வைத்ததுதான் மறித்துப் போட்டது. "எங்கட சுழியோடிக் கிளப் ஆட்கள் 14 பேர் வரத் தயார், ஹெர்மிஸுக்குக் கூட்டிக்கொண்டு போவியா?" என்று, கடலடியில் கிடக்கிற போர்க்கப்பலுக்கு, ஏதோ கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொல்வது மாதிரிக் கேட்டிருக்கிறாய். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊர்ப் புதினம் பெரிதாக இல்லை. கணக்கு மாஸ்டர் சித்திரையில் மோசம் போய்விட்டார். செத்த வீட்டுக்கு எங்கட வகுப்பில் ஊரில் மிஞ்சியிருக்கிற எல்லோரும் வந்தார்கள். மாஸ்டரைப் பற்றிக் கதைத்ததை விட உன்னைப் பற்றித்தான் அதிகம் கதைத்தோம். டச்சுக் குடாவில் முழங்கால் அளவு தண்ணிக்கு மேல் இறங்காதவன் கனடாவில் போய்ச் சுழியோடுகிறானாம் என்று ஒருத்தரும் நம்பவில்லை. கோட்டை மான்கள் இப்போது பஸ் நிலையம் வரை வந்து குப்பைக்குள் வாய் வைக்கின்றன. பொலித்தீனையும் சேர்த்துத்தான் தின்கின்றன, கேட்பார் இல்லை. கச்சான் காற்றும் தொடங்கிவிட்டது. பத்து மணிக்குப் பிறகு முற்றத்தில் நிற்க ஏலாது.

உங்கட கனடாவின் ரொபர்மோரி பற்றி நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். 1885இல் தண்ணிக்குள் தாண்ட பாய்க்கப்பல் ஆறு ஏழு மீற்றரில் மரச்சட்டம் குலையாமல் இன்னும் கிடக்கிறது என்றால், அது நன்னீரும் குளிரும் செய்த வேலை. எங்கட கடலில் மரம் துளைக்கிற புழு இவ்வளவு காலம் விட்டு வைத்திராது. இங்கே மிஞ்சுவது இரும்பும் கல்லும்தான். பொறாமையாக இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். தடித்த உடுப்பைப் போட்டு ஐஸ் தண்ணிக்குள் இறங்குகிறதில் எனக்கு என்னடா பொறாமை? இங்கே பழைய ரீசேட் போதும்.

சரி, ஹெர்மிஸ். முதலில் அது திருகோணமலையில் இல்லை என்பதை உன்ர ஆட்களுக்குச் சொல்லு. யப்பான்காரன் வருகிறான் என்ற செய்தி வந்து, 1942 ஏப்ரல் 8ஆம் திகதி இரவு இங்கிருந்து வெளிக்கிட்ட கப்பல் அது. மறுநாள் காலை விமானங்கள் வந்து துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் அடித்து நொறுக்கின. ஊரே காட்டுப் பக்கம் ஓடியது என்று அம்மம்மா சொல்லுவா. ஹெர்மிஸ் திரும்பி வருகிற வழியில் மட்டக்களப்புக்கு நேரே அகப்பட்டுக்கொண்டது. விமானம் தாங்கிக் கப்பல்தான், ஆனால் மேலே பறக்கத் தன்னுடைய விமானம் ஒன்றும் அதில் இல்லை. எல்லாம் சீனக்குடாவில் தரையில் நின்றன. 307 பேர் செத்தார்கள். கூடப் போன வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் தாண்டது. வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் பக்கத்தில் நின்றதால் அறுநூறு பேரளவில் பிழைத்தார்கள்.

அது கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. கணக்கு மாஸ்டரின் பிள்ளைகள்தானே நாங்கள், கணக்கைப் போட்டுப் பார். பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 50 மீற்றரில் மேலே இருப்பதை விட ஆறு மடங்கு. கரையில் ஒரு மணித்தியாலம் வருகிற சிலிண்டர் அங்கே பத்து நிமிடம். 30 மீற்றர் தாண்டினால் நைதரசன் தலைக்கேறும். சிரிக்கத் தேவையில்லாத இடத்தில் சிரிப்பு வரும், மானியைப் பார்த்தால் இலக்கம் தெரியும், அது என்ன சொல்கிறது என்று விளங்காது. அங்கே போகிறவர்கள் ஹீலியம் கலந்த வாயுவோடு போய், திரும்பும்போது, உடம்பில் கரைந்த வாயு மெல்ல வெளியேறட்டும் என்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக நின்று நின்றுதான் ஏறுகிறார்கள். அதற்கென்று படித்த ஆட்களின் வேலை அது. உன்ர கிளப்பில் பாதிப் பேர் 18 மீற்றர் சான்றிதழ்காரர் என்று நீயே எழுதியிருக்கிறாய். நீ இப்போதுதான் 30க்கு வந்திருக்கிறாய். பிறகு ஹெர்மிஸ் என்ன கதை?

குழுவாகப் போகிற பயணத்தில் ஆகக் குறைந்த பயிற்சி உள்ளவனைப் பார்த்துத்தான் இடம் தெரிவு செய்ய வேண்டும். கெட்டிக்காரனைப் பார்த்து இடம் தெரிவு செய்தால் மற்றவன் வெட்கத்தில் "எனக்கும் ஏலும்" என்று இறங்குவான். தண்ணிக்குள் வெட்கம் பொல்லாதது.

எங்கட போட்டுக்கார அண்ணரைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். இளமையில் கடலட்டைத் தொழில் செய்த மனுசன். ஒரு நாளைக்குச் சிலிண்டர் மேல் சிலிண்டராக மாற்றி மாற்றி இறங்கின காலம், கொம்பியூட்டரும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. ஒரு நாள் மேலே வந்து போட்டில் ஏறினவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கடற்படையின் அழுத்த அறையில் கிடத்தி எடுத்த பிறகு எழும்பி நடந்தார், ஆனால் இடது கால் இன்னும் இழுபடுகிறது. இப்போது தண்ணிக்குள் இறங்குவதில்லை. ஒவ்வொரு சிலிண்டராகத் திருகைத் திறந்து, வருகிற காற்றை மூக்கில் பிடித்து மணந்து பார்ப்பார். எண்ணெய் மணம் துளி இருந்தாலும் அந்தச் சிலிண்டர் ஒரு பக்கம் போய்விடும். யாராவது "சரியாத்தான் இருக்கு அண்ணை" என்றால், "இந்தக் காலும் சரியாத்தான் இருந்தது" என்பார். உன்ர ஆட்கள் எத்தனை டொலருக்குச் சாமான் வாங்கி வந்தாலும், அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம்தான்.

ஆகவே நான் நினைக்கிற ஒழுங்கு இது. முதலில் இறக்கக்கண்டிக்கு நேரே கிடக்கிற பழைய கப்பல். ஆழம் குறைவு, எல்லோரும் இறங்கலாம், யார் எப்படிச் சுவாசிக்கிறார்கள், யார் காலால் மண்ணைக் கிளப்புகிறார்கள் என்று எனக்கும் தெரிந்துவிடும். அடுத்தது கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலை அடி. அது கப்பல் இல்லை என்று முகம் சுளிக்க வேண்டாம். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளின கோயிலின் கற்கள் அங்கேதான் கிடக்கின்றன. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் இறங்கிப் பார்த்த இடம். கடலுக்குள் கண்ட இலிங்கத்தை மேலே கொண்டு வந்த அந்த வில்சன் பிற்காலத்தில் காவி கட்டி சுவாமி சிவகல்கி ஆனார் என்பதையும் சொல்லு, வெள்ளைக்காரருக்கு அந்தக் கதை பிடிக்கும். செதுக்கின கல்லுக்கும் சும்மா பாறைக்கும் முதலில் வித்தியாசம் தெரியாது, இரண்டிலும் முருகைக்கல் ஏறியிருக்கும். ஒரு நேர்க்கோடு கண்ணில் பட்டால் அதையே பிடித்துக்கொண்டு போக வேண்டும். கொஞ்சத்தில் தூணின் மூலை தெரியும்.

துறைமுகத்துக்குள் இறங்கலாமா என்று கேட்டிருந்தாய். அது கடற்படையின் இடம். அங்கே எரிந்து, பிறகு தாழ்த்தப்பட்ட சகாயிங் கப்பலைக் கடற்படைச் சுழியோடிகள் பல மாதம் உழைத்து 2018 மார்ச்சில் மேலே மிதக்க விட்டார்கள். 75 வருசமாகத் தண்ணிக்குள் கிடந்தது. 1944இல் வேலியண்ட் போர்க்கப்பலைத் தூக்கி வைத்திருக்கும்போதே உடைந்து தாண்ட, கப்பல் திருத்துகிற மிதக்கும் தளத்தின் கதையும் அந்தத் துறைமுகத்தின் கதைதான். அதைப் போட்டில் வைத்துச் சொல்கிறேன், இறங்க ஆசைப்படாதே.

பெரிய பயணம் கல்குடாவுக்கு. ஹெர்மிஸ் தாண்ட அதே நாள் அதே விமானங்கள் அடித்த பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் அங்கே 24 மீற்றரளவில் இரண்டாக உடைந்து கிடக்கிறது. 30 மீற்றர்காரர் மட்டும் இறங்கலாம், மற்றவர்கள் பாசிக்குடாவில் குளிக்கட்டும். இங்கிருந்து கரையோர வழிதான். நினைவிருக்கிறதா, கிண்ணியாவில் பாதைப் படகுக்காகக் காத்திருந்து, ஏறி, இறங்கி, திரும்ப அடுத்த துறையில் காத்திருந்து, மட்டக்களப்புக்குப் போய்ச் சேர ஒரு நாள் போய்விடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தக் கரைச்சல் இல்லை. வெருகல் திருவிழா நாளில் மட்டும் வர வேண்டாம், வான் நகராது.

அந்த எண்ணெய்க் கப்பலை நான் முதல் தரம் பார்த்தது இன்னும் அப்படியே இருக்கிறது. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க இறங்கப் பச்சைத் தண்ணி, கீழே ஒன்றும் தெரியவில்லை. 15 மீற்றரில் திடீரென்று ஒரு இருட்டு. தரை என்று நினைத்தேன், அது கப்பலின் பக்கம். மீன் மூடியிருந்தது. சின்ன மீன் கூட்டம் விலக, இரும்புத் தகடு தெரியும், திரும்ப மூடும். அறுந்த வலை ஒன்று கப்பலின் விலா எலும்பு ஒன்றில் சிக்கி ஓட்டத்தோடு ஆடிக்கொண்டிருந்தது, அதற்குள் ஒரு சிங்கிறால். டோர்ச் அடித்தால்தான் சிவப்பு. அடிக்காவிட்டால் எல்லாம் நீலச் சாம்பல். ஒரு கலவாய் மீன் என்ர மாஸ்க்குக்கு முன்னால் வந்து நின்று, நகரச் சொன்ன மாதிரிப் பார்த்தது. நகர்ந்தேன்.

இந்தக் கப்பல்களை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் உன்ர ஆட்களுக்குச் சொல்லு. வலை கிழிந்த மீனவனுக்கு எப்போதோ தெரியும். கரையில் இரண்டு அடையாளத்தை நேர்பிடித்து இடத்தைச் சொல்லுவார்கள். இப்போது ஜீபிஎஸ் வைத்திருப்பவன் தானே கண்டவன் மாதிரிப் படம் போடுகிறான். போன வருசம் தெற்கிலிருந்து வந்த ஒரு குழு பித்தளைத் துண்டொன்றைக் கழற்றிப் பைக்குள் போட, அண்ணர் போட்டை நிறுத்திவிட்டார். திரும்பக் கீழே போட்ட பிறகுதான் எஞ்சின் வேலை செய்தது. உன்ர கிளப்பில் அப்படிப்பட்டவன் இருந்தால் விமானநிலையத்திலேயே விட்டுவிட்டு வா. உள்ளே நுழைகிற கதையும் வேண்டாம். இரும்பு மெலிந்துவிட்டது, ஒரு உதை உதைத்தால் சேறு கிளம்பி வந்த வழியே தெரியாது.

இன்னொன்று. கடைசி நாள் சுழியோடிவிட்டு அன்றைக்கே நுவரெலியா போய்த் தேயிலைத் தோட்டம் பார்ப்பதாகப் போட்டிருக்கிறாய். அதை வெட்டு. நுவரெலியா 1800 மீற்றருக்கு மேல், உடம்பில் நைதரசன் இருக்க மலை ஏறுவதும் விமானம் ஏறுவதும் ஒன்றுதான். குறைந்தது 18 மணித்தியாலம் விட வேண்டும். ஒரு நாள் இங்கே சும்மா இருங்கள், கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளியுங்கள்.

மாரியில் கடல் பொங்கும், ஆகவே மார்கழி விடுமுறை சரிவராது. ஆனி, ஆடி என்றால் காலையில் கடல் கண்ணாடி, மத்தியானம் காற்று எழும்பும். ஆறரைக்குப் போட்டில் இருக்க வேண்டும் என்றால் ஆறரைதான்.

பதிலில் பேர்ப் பட்டியலோடு ஆளுக்கு எத்தனை மீற்றர், கடைசியாக எப்போது இறங்கினது, மருந்து மாத்திரை என்ன எடுக்கிறார்கள் என்றும் எழுது. மாஸ்க் பட்டியும் சிலிண்டருக்குப் போடுகிற ரப்பர் வளையங்களும் கொஞ்சம் கொண்டு வா, இங்கே கிடைப்பது ஒரு சீசனில் வெடித்துவிடுகிறது. தங்கச்சியைச் சுகம் கேட்டதாகச் சொல்லு. அவ இறங்கமாட்டா என்று தெரியும், புறாமலைத் தீவுக்கு மட்டும் போட்டில் வரட்டும், கரையோரமாக நின்றாலே குட்டிச் சுறா காலடியில் வரும். அதை முன்கூட்டியே சொல்லிவிடாதே.

அன்புடன்
உன்ர பழைய கூட்டாளி