ரோங்கெலாப் மக்கள் ஏன் முன்கூட்டியே வெளியேற்றப்படவில்லை? அமெரிக்க எரிசக்தித் துறைக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க எரிசக்தித் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். 1954 மார்ச் 1 அன்று, பசிபிக் பெருங்கடலின் மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினியில் வெடிக்கப்பட்ட 'பிராவோ' ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் ஆயத்தப் பணிகள் குறித்து, அன்றைய அணுசக்தி ஆணையத்தின் பொறுப்புகளை ஏற்றுள்ள தங்கள் துறைக்கு இதை எழுதுகிறேன்.

சுமார் 6 மெகாடன் (ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல்; கிலோடன் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கணித்த வெடிப்பு 15 மெகாடனாக மூண்டதற்கு, எரிபொருளில் பெரும்பங்காக இருந்த லித்தியம்-7 என்ற லித்தியம் வகை வினைபுரியாது என்று வடிவமைப்பாளர்கள் நம்பியதே காரணம். அந்தப் பிழை உண்மைதான். ஆனால் மார்ஷல் தீவு மக்கள் பட்டதையெல்லாம் அதன் தலையில் கட்டிவிட முடியாது. 1946இல், இருபத்துச் சொச்சம் கிலோடன் குண்டுகள் இரண்டுக்காக, பிகினிக்குக் கிழக்கே உள்ள ரோங்கெலாப் தீவு மக்கள் முன்கூட்டியே வேறு தீவில் குடியமர்த்தப்பட்டார்கள். 1952இல் அதே மார்ஷல் தீவுகளின் எனெவெடக்கில் நடந்த 'மைக்' ஹைட்ரஜன் குண்டுச் சோதனைக்காக, உஜெலாங் தீவு மக்கள் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். முன்னெச்சரிக்கை எப்படிச் செய்வது என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அப்படியிருந்தும், கணித்த 6 மெகாடனே 1946ஆம் ஆண்டுக் குண்டைப்போல் இருநூறு மடங்குக்கு மேற்பட்டதாயிருந்த 1954இல், ரோங்கெலாப் மக்களை யாரும் அப்புறப்படுத்தவில்லை.

காற்றும் எதிர்பாராததன்று. வெடிப்புக்கு முந்தைய நள்ளிரவில் நடந்த வானிலை ஆய்வுக் கூட்டத்தில், இருபதாயிரம் அடி உயரத்துக் காற்று ரோங்கெலாப் நோக்கி வீசுவதாகச் சொல்லப்பட்டது. ஆயினும் காலை 6.45க்குக் குண்டு வெடிக்கப்பட்டது. சில மணி நேரத்தில், வெடிப்பில் தூளாகிக் கதிரியக்கம் ஏறிய பவளப்பாறையின் வெண்பொடி ரோங்கெலாப்பின் கூரைகளிலும், குடிநீர்த் தொட்டிகளிலும், குழந்தைகளின் தலைமுடியிலும் படிந்தது. அது என்னவென்று அறியாத பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். இன்னும் கிழக்கே ரோங்கெரிக் தீவில் இருந்த 28 அமெரிக்கப் பணியாளர்கள் மறுநாளே மீட்கப்பட, ரோங்கெலாப் மக்களுக்கான கப்பல் மார்ச் 3 அன்றுதான் வந்தது. இந்த வரிசையை எந்தக் கணிப்புப் பிழையாலும் விளக்க முடியாது.

மார்ச் 11 அன்று அணுசக்தி ஆணையம் விடுத்த அறிக்கையோ, தீவு மக்கள் 'திட்டப்படி, முன்னெச்சரிக்கையாக' குவாஜலின் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டதாகவும், தீப்புண் யாருக்கும் இல்லை என்றும் கூறியது. அடுத்த வாரங்களில் அவர்களுக்குத் தோல் வெந்து புண்ணானது, முடி கொட்டியது.

அந்த அறிக்கை குறிப்பிட்ட திட்டம் எது? அதனை வகுத்தவர் யார்? வெளியேற்றத்தை முன்பே செய்யலாகாது என்று எந்தக் கூட்டத்தில், எக்காரணத்தால் முடிவாயிற்று? இவற்றுக்கு விடை தரும் கூட்டக் குறிப்புகளையும் வானிலைப் பதிவுகளையும், இன்னும் மறைக்கப்பட்ட பகுதிகள் இருப்பின் அவற்றையும் சேர்த்து, மார்ஷலிய மொழிபெயர்ப்புடன் வெளியிட்டு, முதல் பிரதியை ரோங்கெலாப் மக்களிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அணுச்சோதனை வரலாற்றின் தமிழ் வாசகர் ஒருவர்