பெயர்களைப் படித்துக் காட்டியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

என் தந்தை தச்சர். அவர் இழைப்புளியின் அலகில் ‘ஸ்டான்லி, நியூ பிரிட்டன், கனெக்டிகட்’ என்று பொறித்திருக்கும். வேலை தேடி அமெரிக்கா வந்த எனக்கு, அந்த ஊர் என் வீட்டிலிருந்து நாற்பது நிமிடத் தொலைவில் இருப்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது. தெரிந்த நாள் முதல், அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் யார் என்ற கேள்வி என்னை விடவில்லை. இரண்டு ஆண்டுத் தேடலுக்குப் பிறகு, 1910-இல் அவ்வூர்க் கருவிப் பட்டறைகளில் உழைத்த குடியேறிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று இந்த மாதம் முடிந்திருக்கிறது. அது நான் ஒருவனாகச் செய்ததன்று.

முதல் நன்றி நியூ பிரிட்டன் பொது நூலகத்தின் உள்ளூர் வரலாற்று அறைக்கு. 1900-இல் 25,998 பேர் இருந்த நகரம் பத்தே ஆண்டில் 43,916 ஆகியிருந்தது. வந்தவர்களின் பிறப்பிடமாகக் குடிக்கணக்கில் ‘ரஷ்யா’, ‘ஆஸ்திரியா’ என்றிருந்ததைப் பார்த்து, நானும் ரஷ்யர், ஆஸ்திரியர் என்றே எண்ணிக்கொண்டு போனேன். “பக்கத்திலேயே தாய்மொழி எழுதியிருக்கிறதே, பாருங்கள்” என்று நூலகர் விரல் வைத்துக் காட்டினார். போலிஷ்! அன்று வரைபடத்தில் போலந்து என்றொரு நாடே கிடையாது. மூன்று பேரரசுகள் அதைப் பங்கிட்டிருந்தன. மறுநாள் முதல் வரியிலிருந்து மீண்டும் தொடங்கினேன்.

பிராட் தெருவில் வசிக்கும் அந்த மூதாட்டிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்தபடி கிறுக்கிய போலிஷ் பெயர்களை அவர் மெல்ல வாய்விட்டுப் படிப்பார். இரண்டாம் முறை சொல்லும்போது அது ஒரு மனிதரின் பெயராகிவிடும். 1894-இல் போலிஷ் மக்களுக்காக உருவான திரு இருதயத் தேவாலயப் பங்கின் நினைவு மலர்களைக் கொண்டுவந்து பல பெயர்களைச் சரிபார்த்துத் தந்ததும் அவரே. போருக்கு ஆள் சேர்க்க அரசு 1918-இல் எழுதி வாங்கிய படைப்பதிவு அட்டை ஒன்றில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அவருடைய தாத்தாவும் அப்படித்தான் குறியிடுவாராம்.

வார்ப்பு வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்த பெரியவர், மண் அச்சில் இரும்பை ஊற்றுவது, அடிப்பாகத்தைச் சாணையில் தேய்ப்பது, கறுப்பு மெருகு பூசிச் சூளையில் சுடுவது என ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கினார். ‘தொழிலாளி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இத்தனை வேலை என்பதை அவரால்தான் அறிந்தேன். இரவெல்லாம் தட்டச்சு செய்த நண்பர்களுக்கும், சனிக்கிழமைகளை விட்டுக்கொடுத்த என் மனைவிக்கும், ஊரிலிருந்து அந்த அலகைத் துடைத்துப் படமெடுத்து அனுப்பிய தம்பிக்கும் என் நன்றி.

பட்டியலின் ஒரு படியை நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர் பெயர் பிழையாக இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.

நன்றியுடன்,
தச்சர் மகன்