‘நல்லா இருக்கு’ என்று சொல்லாதவர்களுக்கு

வணக்கம். என் படங்களைப் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று சொன்ன எல்லாருக்கும் நன்றி, ஆனால் இந்த மடல் உங்களுக்கு எழுதியது இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், எங்கள் குடியிருப்புத் தாமானைச் சுற்றி, என் படத்தைக் கையில் வாங்கி முகத்தைச் சுளித்த நாலைந்து பேருக்கு எழுதுகிறேன். அவர்கள் சுளித்த பிறகுதான் நான் ஏதோ கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்கு: நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். லோரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரும்போது மணி 6 ஆகிவிடும். அதனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கேமரன் மலைக்கும் பங்கோருக்கும் போகிற கதையெல்லாம் நமக்கு இல்லை. வீடு, வாசல், கோழிக் கூண்டு, பின்னால் இருக்கும் வாழை, கோயிலுக்குப் போகும் வழி, அவ்வளவுதான் என் உலகம். வெளியூர்க்காரர்களைக் கேட்டால் எங்கள் ஊரை 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதியோடு நிறுத்திவிடுவார்கள், தோட்டத் துரைகள் சுடப்பட்டது, அவசரகாலம் வந்தது என்று. அதற்கப்புறமும் இங்கே ஆட்கள் சமைக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள். அதைத்தான் நான் எடுக்கிறேன்.

முதல் நன்றி டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணனுக்கு. கடையை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது, இன்னும் எல்லாரும் அவரை ஸ்டூடியோ அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். பாதி ஊருக்கு ஐசி (அடையாள அட்டை) படம் எடுத்துக் கொடுத்தவர். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன், பார்க்கவே மாட்டேன் என்றார். “காகிதத்துல கொண்டா, விரலால தள்ளித் தள்ளிப் பார்க்கிறதெல்லாம் பார்க்கிறது ஆகாது.” சரி என்று 4ஆர் (நாலுக்கு ஆறு அங்குலம்) அளவில் இருபது படம் கழுவி பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ‘எப்படிண்ணே இருக்கு?’ என்று கேட்டேன். “அப்படிக் கேட்டா எவனும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான், உன் மூஞ்சியப் பார்த்துட்டு வேற என்ன சொல்லுவான்? முதல்ல கண்ணு எங்க போச்சுன்னு கேளு, கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இரு” என்றார்.

அம்மா விளக்கேற்றும் படம் ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. அதை ஏழு பேரிடம் காட்டி அண்ணன் சொன்ன மாதிரியே கேட்டேன். ஐந்து பேர் மஞ்சள் வாளி என்றார்கள். எனக்கு அந்த வாளி ஞாபகமே இல்லை! எடுத்துப் பார்த்தால் மூலையில் பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறது, அம்மா அதற்கப்புறம்தான். இப்போது பட்டனை அழுத்துவதற்கு முன் ஓரங்களை ஒரு சுற்று பார்த்துவிடுகிறேன். வீட்டில் வாளிகளை நகர்த்துவதே என் வேலையாகிவிட்டது என்று வீட்டுக்காரி சொல்கிறாள், அது தனிக் கதை.

வெளிச்சத்தைப் பற்றியும் அவர்தான். உச்சி வெயில் 12 மணிக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் 1 மணிக்கு மேல் ஆகிவிட்டதே, வெயில் சாய்ந்திருக்கும் என்று வெளியே போய் எடுப்பேன், எல்லார் கண்ணுக்குக் கீழேயும் கறுப்புக் குழி. நம் கடிகாரம் ஓடுவது 120 பாகை தீர்க்கரேகைக்கு, நாம் இருப்பதோ ஏறக்குறைய 101-இல், அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே 1:15 வாக்கில்தான் என்று அவர் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினார். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள், அதற்கு முன் அவர் 12:45-ஐ உச்சியாக வைத்துக் கணக்குப் போட்டவராம். எனக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. பொழுது சாய 7:20 போல ஆகிவிடுவதால், வேலை முடிந்து வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாலும் 6:30 மணியின் மஞ்சள் வெயில் எனக்காகக் காத்திருக்கும். விழுந்த பிறகு மட்டும் சட்டென்று இருட்டிவிடும், நம் பக்கம் அந்தி நீளாது.

தீபாவளிக் கோலம் ஏன் வெள்ளைத் தீற்றலாக வந்தது என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. கேமராவுக்குக் கோலம் தெரியாது. ஈரச் சிமெண்டுத் தரை கறுப்பாக இருப்பதைப் பார்த்து, அடடா இருட்டு என்று நினைத்து, எல்லாவற்றையும் நடுச் சாம்பல் நிறத்துக்குத் தூக்கிவிடப் பார்க்கிறது. மாக்கோடு எரிந்துபோகிறது. கேமராவில் வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து எடுத்தேன், புள்ளி புள்ளியாக மாவின் பொருபொருப்புகூடத் தெரிந்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால் இதற்கு நேர்மாறாக ஒரு படி கூட்ட வேண்டும்.

அடுத்தது பாட்டி. மூன்று வீடு தள்ளி இருக்கிறார், முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர், விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போன கால்கள் இப்போது வாசல் நாற்காலியை விட்டு நகர்வதில்லை. என்னிடம் ஒரு பால் மரப் படம் இருந்தது, சின்னத் தோட்டக்காரர் ஒருவர் இன்னும் விட்டுவைத்திருக்கும் மரங்களில் ஒன்று. வெட்டு, பால் பிடிக்கும் மங்கு, பின்னால் மங்கலான பச்சை. பெரிதாகக் கழுவி ஹாலில் மாட்டி மூன்று மாதம், வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். பாட்டி ஒரு நாள் பேரனைப் பிடித்துக்கொண்டு வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

“இது எந்த ஊரு மரம்ப்பா?”

நம்ம ஊர்தான் பாட்டி என்றேன்.

“வெட்டு வலப்பக்கமிருந்து இறங்குது. இப்படி வெட்டினா மேற்பார்வை பார்க்கிற தண்டல் அன்னிக்கே திட்டித் தீர்த்திருப்பாரு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளிச்சம் வலப்பக்கமிருந்து வந்தால் அழகாக இருக்கும் என்று நான் அந்தப் படத்தை இடவலமாகப் புரட்டியிருந்தேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று! மரத்தின் பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லை, கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக, 30 பாகைபோல இறங்க வேண்டும், அப்போதுதான் நிறையக் குழாய் அறுபட்டுப் பால் கூடும். இந்த விளக்கமெல்லாம் நான் பிறகு தேடிப் படித்தது. பாட்டிக்கு அது கையில் இருந்தது. அப்புறம் மங்கைக் காட்டி, “பால் ஓடல, வெயில் ஏறினதுக்கப்புறம் போயிருக்க” என்றார். உண்மைதான், 11 மணிக்குத்தான் போனேன்.

அன்றைக்கே படத்தைக் கழற்றினேன். அடுத்த ஞாயிறு விடியற்காலை, கொசுக்கடியோடு, மரம் வெட்டும் நேரத்துக்கே போய் நின்று வேறு எடுத்தேன், புரட்டாமல். வெளிச்சம் போதாமல் படம் கொஞ்சம் மணல் தூவின மாதிரி இருக்கிறது, பரவாயில்லை. பாட்டி பார்த்துவிட்டு வெட்டுப் பட்டையை விரலால் தடவினார், “பட்டையைக் கொஞ்சம் தடிப்பா சீவிட்டான்” என்றார். அது நான் செய்த தப்பு இல்லை என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பக்கத்து வீட்டுப் பாப்பா, நாலாம் வகுப்பு. என் நாய்ப் படங்களைப் பார்த்து, “மாமா, ஜிம்மி எல்லாப் படத்துலயும் திட்டு வாங்குற மாதிரியே இருக்கு” என்றாள். ஆறடி ஆள் நின்றுகொண்டே எடுத்தால் அப்படித்தான் இருக்கும். இப்போது சிமெண்டில் படுத்து எடுக்கிறேன். நன்றிம்மா, என் முட்டிக்காகவும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முச்சந்தியில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்கும் மலாய்க்கார அம்மா மக்சிக்குக்கு இந்த மடலை யாராவது மலாயில் படித்துக் காட்டுங்கள். அவர் கடைப் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்திருந்தன, “கெனாப்பா பெலாங்?” (ஏன் வரி வரியா இருக்கு?) என்று கேட்டுச் சிரித்தார். கேமரா கெட்டுவிட்டது என்று பயந்தே போனேன். கடைசியில் அது குழல் விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கிறது, நான் நொடியில் 500-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் எடுத்தால் துடிப்பின் நடுவில் மாட்டிக்கொள்ளும். 50-இல் ஒரு பங்கோ 100-இல் ஒரு பங்கோ வைத்தேன், பட்டை போய்விட்டது. மக்சிக் ஒரு பொட்டலம் இலவசமாகக் கொடுத்தார், அதில் சம்பல் கூடுதல்.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 350 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு கடையில் பழைய 50 எம்.எம். லென்ஸ் வாங்கினேன், எந்தக் கடை என்று சொல்லமாட்டேன். வெயிலுக்கு எதிரே எடுத்தால் எல்லாம் பால் ஊற்றின மாதிரி வெளுத்துப்போகும். என் கை சரியில்லை என்றே பல மாதம் நினைத்தேன். ஸ்டூடியோ அண்ணன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துக் காட்டினார், உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்துக்குத் தோல் பையிலேயே கேமராவை வைத்தால் இதுதான் கதி. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரம் காட்டும் சின்னக் கருவி, முள் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். பெட்டி வீட்டுக்காரி பலகாரம் போட வைத்திருந்தது. கேட்காமல் எடுத்ததற்கு மன்னிப்பும், கேட்ட பிறகு திருப்பி வாங்காததற்கு நன்றியும்.

வரும் ஞாயிறு பசியாறிய பிறகு, ஒன்பது மணிவாக்கில், பிஸ்கட் டின்னோடு பாட்டி வீட்டு வாசலில் இருப்பேன். புதிதாகப் பதினாறு படம். அண்ணே, நீங்களும் வாருங்கள், கண்ணாடியை மறக்காதீர்கள். எதிலோ ஒன்றில் மறுபடியும் ஒரு வாளி இருக்கிறது, எதில் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.