பணம் கொடுத்தவர்களுக்கு நன்றி, ஞாயிறு காலை யாராவது வருவீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறுநீரக நோயாளிகளுக்கு நிதி திரட்டும் சைக்கிள் பயணத்தைப் பற்றி போன வாரம் உங்கள் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. அதற்குப் பேர் கொடுத்திருப்பவர்களில் நானும் ஒருத்தன். வயசு 54, சென்னிமலையில் மளிகைக் கடை. பொங்கல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டிலிருந்து பண்ணாரி போய்த் திரும்ப வேண்டும், 150 கிலோமீட்டர் வரும். நல்ல வேளை, அதற்கு மேல் திம்பம் மலைப்பாதை ஏறச் சொல்லவில்லை. அந்த 27 கொண்டை ஊசி வளைவையும் மிதிக்கச் சொல்லியிருந்தால் எனக்கே இன்னொருத்தர் நிதி திரட்ட வேண்டியிருக்கும்.

செய்தியைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் போன் செய்தார்கள். ஐந்நூறு, ஆயிரம் என்று பணமும் கொடுத்தார்கள், சந்தோஷம். அதே வாரம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது, நான் பின்னால் நிற்பது தெரியாமல் சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னார்: "பொண்டாட்டி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில கெடக்கறா, இவனுக்கு சைக்கிள் கேக்குது பாரு." பணம் கொடுத்தவர்களுக்கும் இவருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

என் மனைவிக்கு இரண்டு வருசமாக டயாலிசிஸ் நடக்கிறது, கிட்னி செய்ய வேண்டிய வேலையை, ரத்தத்தைச் சுத்தம் செய்து தேங்கிய தண்ணீரை எடுப்பதை, மெஷின் செய்கிறது. திங்கள், புதன், வெள்ளி ஈரோட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். மெஷினில் இருப்பது நான்கு மணி நேரம்தான், ஆனால் ஊசி குத்தி ஏற்றுவது, முடிந்தபின் ரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடிப்பது, பஸ் ஏறி வீடு வருவது எல்லாம் சேர்த்தால் ஒரு பகல் போய்விடும். அன்று சாயங்காலம் அவள் துவைத்துப் பிழிந்துபோட்ட துணி மாதிரி படுத்திருப்பாள், மறுநாள்தான் கொஞ்சம் பேச்சே வரும்.

கிட்னி நீங்களே கொடுக்கலாமே என்று கேட்பார்கள். கேட்டாயிற்று, பார்த்தாயிற்று. எனக்கு ஏ குரூப், அவளுக்கு ஓ, சேராது. இரண்டு குடும்பங்கள் மாற்றிக் கொடுத்துக்கொள்ள 2011-ல் சட்டத்தைத் திருத்தி வழி செய்தார்கள்தான், ஆனால் எனக்கு மாற்று கிடைக்க வேண்டுமானால் அந்த இன்னொரு குடும்பத்தில் கொடுப்பவர் ஓ குரூப்பாக இருக்க வேண்டும். ஓ குரூப் எல்லோருக்கும் சேரும், அதனால் ஓ குரூப்காரர் ரத்த வகையைப் பொறுத்தவரை தன் வீட்டு ஆளுக்கே நேராகக் கொடுத்துவிடலாமே, அவர் ஏன் என்னிடம் வரப்போகிறார்? உடலுறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். எங்களுக்கு முன்னால் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள்.

கிட்னி கொடுக்க முடியாததால்தான் சைக்கிள் மிதிக்கிறேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். ராத்திரி அவள் மூச்சு விடும் சத்தத்தை எண்ணிக்கொண்டே படுத்திருப்பேன், மூன்று மணிக்கு மேல் கண் மூடாது. கடையில் கல்லாவில் உட்கார்ந்தபடி தூங்கிச் சில்லறையை மாற்றிக் கொடுத்திருக்கிறேன், வாடிக்கையாளர்களிடம் காரணமில்லாமல் கத்தியிருக்கிறேன். பிரஷர் பார்த்த டாக்டர் "அடுத்த பெட்ல நீங்க படுத்துக்குவீங்க போல, ஏதாவது பண்ணுங்க" என்றார். ஒன்பதாயிரம் ரூபாய்க்குப் பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஆனி மாசம் ஆரம்பித்தது என் முட்டாள்தனம். அந்தப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு எதிரில் காங்கேயம் பக்கமோ பல்லடம் பக்கமோ மேற்கே மிதித்துப் பாருங்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவன் நம்மை முந்திப் போவான்.

இப்போது செவ்வாய், வியாழன், சனி விடியக்காலை கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் ஒன்றரை மணி நேரம் மிதிக்கிறேன். கிளம்பும் முன் இரண்டு வேலை உண்டு. ஒன்று, அவளை எடை மிஷினில் ஏற்றிப் பார்த்து காலண்டரில் எழுதுவது, உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அதில்தான் தெரியும். இன்னொன்று, அவளுடைய இடது கையைத் தொட்டுப் பார்ப்பது. டயாலிசிசுக்காக அந்தக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். விரலை வைத்தால் பூனை மடியில் படுத்து உறுமுகிற மாதிரி ஒரு அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் குழாய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம், உடனே ஓட வேண்டும். தூக்கத்திலேயே கையை நீட்டுவாள். உறுமுகிறதா, சரி, கதவைச் சாத்திவிட்டுக் கிளம்புவேன்.

கஷ்டமான விஷயம் தண்ணீர்தான். அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதில் காபி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவோம், ராத்திரி அடியில் ஒரு விரல் தண்ணீர் இருந்தால் அன்றைக்குப் பெரிய சேமிப்பு. நானோ இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் குடிக்கிறேன். வழியில் இளநீர் வேறு. எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே நான்கு தென்னை நிற்கிறது, இளநீரில் பொட்டாசியம் அதிகம், கெட்டுப்போன கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது என்பதால் அவள் ஒரு வாய் தொடக் கூடாது, காயைக்கூட வெட்டி ஊறவைத்து வேகவைத்துத் தண்ணீரை வடித்துத்தான் சமைக்கிறோம். அதனால் வீட்டுக்குள் நுழையும் முன்பே பாட்டிலைக் காலி செய்துவிட்டு வருவேன். ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டாள், "ஏனுங்க, திருட்டுத்தனமாத் தண்ணி குடிக்கற அளவுக்கு ஆயிப்போச்சா?"

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன், எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான். நீண்ட தூரம் பழக ஞாயிறுதான் தோது, கடை மதியத்துக்கு மேல் திறந்தால் போதும். ஆனால் வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில் இரண்டு நாள் இடைவெளி விழுவதால் அவள் உடம்பில் தண்ணீர் சேர்ந்து ரொம்பச் சிரமப்படும் நாளும் அதுதான். புரட்டாசியில் ஒரு ஞாயிறு, கோபி போகும் வழியில் பக்கத்து வீட்டு ஆத்தா போன் செய்தார். "கண்ணு, அம்மிணிக்கு மூச்சு வாங்குது, 108-க்குச் சொல்லிப்போட்டேன்." எதிரில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்த குட்டியானையை நிறுத்தினேன். டிரைவர் தம்பி ஒரு வார்த்தை கேட்காமல் சைக்கிளைத் தாரின் மேலேயே தூக்கிப் போட்டு நேராக ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார், காசு வாங்கவில்லை. தொடை தெரியும் டவுசரும் தலையில் ஹெல்மெட்டுமாக அவசரப் பிரிவுக்குள் ஓடினால், அடிபட்டது எனக்கு என்று நினைத்து ஒரு நர்ஸ் என்னைப் படுக்கச் சொன்னார். அவசரமாக ஒரு டயாலிசிஸ் போட்டுச் சாயங்காலம் சரியாகிவிட்டாள். அப்புறம்தான் சொன்னாள், முந்தின நாள் விருந்தில் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டாளாம்.

மூன்று வாரம் சைக்கிளைத் தொடவில்லை. நாலாவது வாரம் அவளே சொன்னாள், "நீங்க எதுக்கால உக்காந்து என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருந்தீங்கன்னா அதுல வேற மூச்சு முட்டுதுங்க, போய்ட்டு வாங்க." கல்யாண வீட்டுச் சொந்தக்காரருக்கு என் பதில் இதுதான். அப்புறம் இன்னொன்று, டயாலிசிஸ் நடக்கும்போது அவளுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். பாதத்தை மேல் பக்கமாக மடக்கிப் பிடித்தால் விட்டுவிடும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த சைக்கிள்தான்.

பணம் கொடுத்தவர்களுக்குச் சொல்ல நினைப்பது வேறு. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்தது, சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வருகிறது, வீட்டிலேயே வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குப் பைகளும் வருகின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இல்லாவிட்டால் நான் கடையை எப்போதோ விற்றிருப்பேன். நோயாளி பக்கத்தில் நான்கு மணி நேரம் உட்கார ஆள் மட்டும் எந்தத் திட்டத்திலும் வராது. நாங்கள் போகும் இடத்தில் நோயாளியோடு வருகிறவர்கள் பதினைந்து பேருக்கு மூன்று நாற்காலி. மற்றவர்கள் படிக்கட்டில் உட்கார்கிறோம், நான் அதே படியில் ஐந்து மாடி ஏறி இறங்கி அதையும் பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன், செக்யூரிட்டிக்கு என் மேல் கொஞ்சம் சந்தேகம். அங்கே இருக்கிற பெண்களின் நிலைமை இன்னும் மோசம். புருசனைக் கூட்டி வந்திருப்பார்கள், வீட்டில் மாமியார், தறி, மாடு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. அவர்கள் சைக்கிள் வாங்குவதை விடுங்கள், ஒரு மணி நேரம் முழுசாகத் தூங்கியே மாசக்கணக்கில் ஆகியிருக்கும்.

போனில் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "டாக்டர் என்ன சொன்னார்?" அடுத்தது, "ஏதாச்சும் வேணும்னா கூச்சப்படாமக் கேளுங்க." கேட்கிறேன், வந்து உட்காருங்கள். மருத்துவம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு ஆத்தாவுக்கு எழுபது வயசு, கையெழுத்துகூடப் போடத் தெரியாது. வருவார், டிவியில் சீரியலைப் போடுவார், மருமகளைத் திட்டுவார், பூண்டு உரிப்பார். மூச்சு வாங்கினால் 108-க்கும் எனக்கும் போன் போடத் தெரியும், வேறென்ன வேண்டும்? அந்தக் காலை நேரம் முழுக்க நோய் பற்றிப் பேச்சே வராது என்பதால் என் மனைவி அவருக்காகக் காத்திருப்பாள். உங்கள் தெருவிலும் டயாலிசிஸ் போகிற வீடு ஒன்று இருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் பழமும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அவர்கள் சாப்பிட முடியாத பண்டமாகவே பெரும்பாலும் அமைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குப் போங்கள், ஒன்பது மணிக்குத் திரும்பி வாருங்கள்.

எங்கள் வீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வரும் ஞாயிறு நூறு கிலோமீட்டர் போய்ப் பார்க்கலாம் என்று இருந்தேன், ஆத்தா திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறாராம், இரண்டு வாரம் ஆகுமாம். ஆள் கிடைத்தால் கோபி, இல்லையென்றால் கடைவீதி வரை.

இப்படிக்கு,
சென்னிமலை வாசகர் ஒருவர்
(பேர் போட வேண்டாம், அம்மிணி கூச்சப்படுவாள்)